உடன் விசுவாசிகளின் விசுவாசத்துக்காக ஸ்தோத்திரம்: வேலூர் ஜெபக்குழுக்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் எந்த வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போனாலும் பாட்டு முடிந்ததும் ஸ்தோத்திர பலி நடக்கும். ஒவ்வொருவராக நன்றி சொல்வார்கள். பையனுக்கு வேலை கிடைத்ததற்காக, பெண்ணுக்கு வரன் அமைந்ததற்காக, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக, வீட்டு லோன் கிடைத்ததற்காக. எல்லாம் சரிதான். ஆனால் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருப்பவரின் விசுவாசத்துக்காக யாராவது நன்றி சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அப்போஸ்தலர் பவுல் சபைகளுக்கு எழுதிய நிருபங்களில் (கடிதங்களில்) வாழ்த்து முடிந்த கையோடு பெரும்பாலும் வருவது அந்த நன்றிதான்.

இதைப் பற்றி எங்கள் ஜெபக்குழுவில் பேச ஆரம்பித்த பிறகு வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில் எழுதுகிற நான் ஆயர் இல்லை, சாதாரண சபை அங்கத்தினன். உபதேச விஷயத்தில் சந்தேகம் வந்தால் உங்கள் ஆயரையோ பாஸ்டரையோ கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் விசுவாசத்துக்காக நன்றி சொல்ல வேண்டும் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது?

ரோமர் 1:8இல் ஆரம்பியுங்கள். "உங்கள் விசுவாசம் உலகமெங்கும் பிரசித்தமாகிறபடியினாலே, முதலாவது நான் உங்களெல்லாருக்காகவும் இயேசுகிறிஸ்து மூலமாய் என் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன்." அந்த 'முதலாவது' என்பதைக் கவனியுங்கள். பதினாறு அதிகாரம் எழுதப் போகிற மனிதர் முதலில் செய்வது இது. எபேசியர், கொலோசெயர், தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டு நிருபங்கள், பிலேமோன் என எல்லாவற்றின் தொடக்கத்திலும் இதே நன்றி வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது தெசலோனிக்கேயர் கதை. அப்போஸ்தலர் 17ஐ வாசித்தால் தெரியும். பவுல் அந்த ஊரில் மூன்று ஓய்வுநாள் ஜெப ஆலயத்தில் பேசினார், சீக்கிரமே கலவரம் வந்தது, சகோதரர்கள் அவரை ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு அனுப்பிவிட்டார்கள். இளம் சபை, சுற்றிலும் எதிர்ப்பு. அவர்கள் நிலைத்திருக்கிறார்களா, எல்லாம் கலைந்துபோனதா என்று தெரியாமல் பவுல் தவித்துப்போய், பொறுக்க முடியாமல் தீமோத்தேயுவை அனுப்புகிறார். தீமோத்தேயு திரும்பி வந்து நல்ல செய்தி சொல்கிறான். அப்போது எழுதுகிறார்: "நீங்கள் கர்த்தருக்குள் நிலைத்திருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம்." அடுத்த வசனத்திலேயே, இந்தச் சந்தோஷத்துக்காகத் தேவனுக்கு எப்படி ஸ்தோத்திரம் செலுத்தி முடிப்போம் என்று திணறுகிறார். அந்த நிருபம் கி.பி. 50ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பது அறிஞர்கள் பலரின் கணிப்பு. அதாவது நம் கைக்கு வந்திருக்கும் மிகப் பழைய கிறிஸ்தவ எழுத்துகளில் ஒன்று, இன்னொருவரின் விசுவாசத்துக்காக நன்றி சொல்லித்தான் தொடங்குகிறது.

இரண்டாம் நிருபத்தில் ஒரு படி மேலே போய், இப்படி ஸ்தோத்திரிக்க நாங்கள் "கடனாளிகளாயிருக்கிறோம்" என்கிறார். தோன்றினால் சொல்லலாம் என்று விட்டுவிடுகிற காரியமாக அவர் இதை நினைக்கவில்லை.

விசுவாசம் வைத்தது அந்த மனிதர். நன்றி மட்டும் கடவுளுக்கா? அவரையே பாராட்டிவிட்டால் போதாதா?

பாராட்டுவதில் தவறில்லை. ஆனால் அந்த விசுவாசம் அவருக்குள் எப்படி வந்தது? பிலிப்பி பட்டணத்தில் ஆற்றோரம் கூடியிருந்த பெண்களிடம் பவுல் பேசியபோது, அவர்களில் ஒருத்தியான லீதியாளைப் பற்றி லூக்கா எழுதுவது இது: "பவுல் சொல்லியவைகளைக் கவனிக்கும்படி கர்த்தர் அவள் இருதயத்தைத் திறந்தருளினார்." கேட்டது அவள், திறந்தவர் கர்த்தர். பின்னால் அதே பிலிப்பி சபைக்கு எழுதும்போது, கிறிஸ்துவிடம் விசுவாசம் வைப்பதே உங்களுக்கு அருளப்பட்டது என்கிறார் பவுல் (1:29). கொடுத்தவருக்கு நன்றி போவதுதானே முறை.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது, நம் சபைகளுக்கு இது மிகவும் தேவை. ஒருவரை "ஜெப வீரர்", "விசுவாச வீராங்கனை" என்று சொல்லிச் சொல்லி மேலே தூக்கி வைத்துவிடுகிறோம். அப்புறம் அந்த அம்மாவுக்கு ஒரு கஷ்டம் வந்து மனம் தளர்ந்தால் யாரிடம் போய் அழுவார்? வீராங்கனை அழலாமா என்று வாயை மூடிக்கொள்வார். விசுவாசம் கர்த்தர் கொடுத்தது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருக்கிற சபையில் அந்தப் பாரம் இல்லை. எனக்காக ஜெபியுங்கள் என்று அவரும் கேட்கலாம்.

சாட்சி நேரத்தில் சுகமானவர்களுக்காகத்தான் நன்றி சொல்கிறோம். சுகமாகாதவர்களின் விசுவாசத்துக்கு என்ன சொல்வது?

வேலூரில் இந்தக் கேள்வியிலிருந்து யாரும் தப்ப முடியாது. காட்பாடி ஜங்ஷனில் எந்த ரயில் வந்து நின்றாலும் ஸ்கேன் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு சிலர் இறங்குவார்கள். வங்காளம், ஜார்கண்ட், அசாம், மிசோரம் என்று எங்கிருந்தோ இங்குள்ள சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். சிலர் சுகமாகி ஊர் திரும்புகிறார்கள். சிலர் "இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு அதே ரயிலில் போகிறார்கள். உள்ளூர்க்காரர்களான நம் வீடுகளிலும் இரண்டும் நடக்கின்றன.

ஆனால் சபையில் சுகமானவர்தான் மைக் பிடிக்கிறார். மற்றவர் வீட்டில் இருக்கிறார். விளைவு என்ன? சுகம்தான் விசுவாசத்துக்கு ரசீது என்று பிள்ளைகள் நினைத்து வளர்கிறார்கள். "விசுவாசம் இருந்திருந்தால் சுகமாகியிருப்பார்" என்று நோயாளியின் காதுபடச் சொல்கிறவர்களும் உண்டு. இதைவிடக் கொடுமையான வார்த்தையை நான் சபை வளாகத்துக்குள் கேட்டதில்லை.

எபிரெயர் 11ஐப் பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை வாசித்துப் பாருங்கள். சிங்கங்களின் வாயை அடைத்தவர்கள், அக்கினியின் உக்கிரத்தை அவித்தவர்கள், மரித்தவர்களை உயிரோடு திரும்பப் பெற்ற பெண்கள் என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். 35ஆம் வசனத்தின் நடுவிலேயே, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், 'வேறு சிலர்' என்று திரும்பும். வாதிக்கப்பட்டவர்கள், கல்லெறியுண்டவர்கள், வாளால் அறுப்புண்டவர்கள். முடிவில் 39ஆம் வசனம் 'இவர்களெல்லாரும்' விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றார்கள் என்கிறது. தப்பித்தவர்களுக்கு ஒரு சாட்சி, தப்பிக்காதவர்களுக்கு அதில் பாதி என்று பிரிக்கவில்லை.

நம் ஊர் ஆளையே பார்ப்போம். டாக்டர் மேரி வர்கீஸ் சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1954இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அவர் மறுபடி எழுந்து நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார். அதற்கு அவரைத் தூண்டியவர்களில் தொழுநோய் அறுவை சிகிச்சையில் பெயர்பெற்ற டாக்டர் பால் பிராண்டும் ஒருவர். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, அந்தத் துறையை வேலூரில் கட்டினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்தது, 1972இல் அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. சக்கர நாற்காலியில் வாழக் கற்றுக்கொண்டு அங்கிருந்து வீடு திரும்பிய எத்தனையோ பேருக்கு வழி திறந்தது நடக்க முடியாத ஒரு பெண். இவருடைய விசுவாசத்துக்கு ஸ்தோத்திரம் சொல்ல சுகமான சாட்சி தேவையா?

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, நோய்க்காக நன்றி சொல்லும்படி யாரையும் வற்புறுத்தாதீர்கள். நன்றி அந்த நோயிலும் கர்த்தரை விடாமல் பிடித்திருக்கிற மனதுக்காக. இரண்டு, அழ நினைக்கிறவரின் கட்டிலருகே நின்று "உங்க விசுவாசம் எவ்வளவு பெருசு" என்று பேசாதீர்கள். கூட உட்காருங்கள். நன்றியை வீட்டுக்கு வந்து சொல்லிக்கொள்ளலாம்.

நோயாளியோடு கூட வந்திருப்பவர்களையும் மறந்துவிடுகிறோம். மாற்கு 2இல் திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்தார்கள், கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு 'அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' என்றுதான் எழுதியிருக்கிறது. ஓ.பி. சீட்டு வாங்க விடியற்காலையில் வரிசையில் நிற்கிற மகள், தோட்டப்பாளையம் லாட்ஜ் அறையில் ஸ்டவ் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சுகிற கணவர், ஐ.சி.யு. வாசலில் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிடுகிற அம்மா. இவர்கள் பெயரைச் சொல்லியும் ஜெபியுங்கள்.

நன்றி சொன்னேன் என்று அவரிடமே சொல்லலாமா? பெருமை வந்துவிடாதா?

சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். பவுல் தனியறையில் ஜெபித்ததோடு நிறுத்தாமல் கடிதத்தில் எழுதி அனுப்பினார். அந்தக் கடிதங்கள் சபை கூடியிருக்கும்போது சத்தமாக வாசிக்கப்பட்டவை. தெசலோனிக்கேயரின் கடைசி அதிகாரத்தில் அப்படி வாசிக்கச் சொல்லி ஆணையே இடுகிறார். ஆக, யாருக்காக நன்றி சொன்னாரோ அவர்கள் எல்லோரும் அதைக் காதால் கேட்டார்கள்.

எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "ஐயா, நீங்க பெரிய விசுவாசி" என்றால் அவருக்குக் கூச்சம், அல்லது பெருமை. "ஐயா, போன மாசம் பென்ஷன் வராம இருந்தப்பவும் நீங்க தசமபாகத்தை எடுத்து வெச்சதைப் பார்த்தேன். உங்களுக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் பண்ணேன்" என்றால் அவர் மனம் தானாகவே ஆண்டவர் பக்கம் போகும். பார்த்தது என்ன என்று குறிப்பாகச் சொல்லுங்கள். தினமும் காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் ரோஜாப்பூ படத்தோடு ஒரு வசனம் அனுப்புவதை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஒரே ஒருவருக்கு, அவருக்கென்று எழுதின இரண்டு வரி போதும்.

சபையில் கமிட்டி எலெக்ஷனில் எதிர் கோஷ்டியில் நின்ற ஆள். அவருடைய விசுவாசத்துக்காகவும் நன்றி சொல்ல வேண்டுமா?

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன். எல்லாக் குழுவிலும் வந்தது, கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள், ஆனால் சிரிப்புக்காகக் கேட்கவில்லை. போஸ்டர், வேன், வோட்டர் லிஸ்ட், கோர்ட் கேஸ் என்று போகிற சபைத் தேர்தல்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கொரிந்து சபையை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கோஷ்டி. ஒருவர்மேல் ஒருவர் வழக்கு. கர்த்தருடைய பந்தியில்கூட ஏழைகள் பசியோடு இருக்க மற்றவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள். அந்தச் சபைக்கும் நன்றி சொல்லித்தான் பவுல் தொடங்குகிறார். ஆனால் எதற்காகச் சொல்கிறார் என்று உற்றுப் பாருங்கள். மற்ற சபைகளுக்குச் சொன்னதுபோல உங்கள் விசுவாசத்துக்காக, உங்கள் அன்புக்காக என்று அங்கே சொல்லவில்லை. தேவன் உங்களுக்குக் கொடுத்த கிருபைக்காக, உபதேசத்திலும் அறிவிலும் நீங்கள் சம்பூரணமானதற்காக என்கிறார். இல்லாத அன்பை இருப்பதாகச் சொல்லி ஐஸ் வைக்கவில்லை. இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்து நன்றி சொன்னார், அதற்குப் பிறகுதான் தப்பைத் தப்பென்று சொல்ல ஆரம்பித்தார்.

கலாத்தியருக்கு அதுவும் இல்லை. வாழ்த்து முடிந்ததும் நேராக, இவ்வளவு சீக்கிரம் வேறொரு சுவிசேஷத்துக்குத் திரும்பிவிட்டீர்களே என்று ஆச்சரியப்படுகிறார். நன்றி என்கிற பேரில் பொய் சொல்ல வேண்டியதில்லை என்பதற்கு இந்த இரண்டு நிருபங்களே போதும்.

ஆகவே எதிர் கோஷ்டிக்காரரைப் பற்றி உண்மையாக ஏதாவது ஒன்று கிடைக்கிறதா பாருங்கள். அவருடைய அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவர் பார்த்துக்கொண்ட விதம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் பாட்டு சொல்லிக்கொடுப்பது. அது கிடைத்தால் அதற்காக நன்றி சொல்லுங்கள். தேர்தலில் அவர் செய்தது தவறு என்றால் அது தவறுதான், அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள். நன்றி சொல்லிவிட்டுக் கண்டிக்கப் போகிறவரின் குரல் கொஞ்சம் வேறாக இருக்கும், அவ்வளவுதான்.

வேறு சபைக்காரர்களுக்காகவும் சொல்லலாமா? அவர்கள் உபதேசம் நமக்கு ஒத்துவராதே.

நம் ஜில்லாவில் இது தினசரி வாழ்க்கை. அமெரிக்க சீர்திருத்த சபையின் ஆற்காடு மிஷன் 1853இல் இங்கே உருவானது. அந்த வழி வந்த சபைகள் இப்போது சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபையில்) இருக்கின்றன, 1947 செப்டம்பர் 27 அன்று பல சபைகள் சேர்ந்து உருவானதுதான் சி.எஸ்.ஐ. ஆம்பூர் பக்கம் போனால் லுத்தரன் சபையார் அதிகம். கத்தோலிக்கருக்கு வேலூர் மறைமாவட்டம் 1952இலிருந்து இருக்கிறது. பெந்தெகொஸ்தே சபைகள் தெருவுக்கு ஒன்று. ஒரே குடும்பத்தில் அண்ணன் சி.எஸ்.ஐ., அண்ணி கத்தோலிக்கம், தங்கை பெந்தெகொஸ்தே என்பது நமக்குப் புதிதல்ல.

கொலோசெ சபையாரைப் பவுல் நேரில் பார்த்ததே இல்லை. எப்பாப்பிரா சொல்லித்தான் அவர்களைப் பற்றித் தெரியும். அவர்களுக்காக இடைவிடாமல் நன்றி சொன்னார். உபதேச விஷயத்தில் அவர்களுக்குச் சொல்ல அவரிடம் நிறைய இருந்தது, அதையும் சொன்னார். ஞானஸ்நானம், அந்நிய பாஷை, மாதா வணக்கம் பற்றி நமக்குள் இருக்கும் வித்தியாசங்கள் நிஜமானவை, இல்லை என்று நடிக்க வேண்டாம். ஆனால் பெந்தெகொஸ்தே தங்கை விடியற்காலை எழுந்து உங்கள் பிள்ளைக்காகவும் முழங்கால் போடுகிறாள் என்றால், கத்தோலிக்க அண்ணி தவக்காலம் முழுக்க மிச்சம் பிடித்த காசை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஃபீஸுக்குக் கொடுக்கிறார் என்றால், அதற்கு நன்றி சொல்ல சபைக் கமிட்டியின் தீர்மானம் வேண்டுமா என்ன.

மொழி தெரியாதவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், ராத்திரியில் பக்கத்து லாட்ஜிலிருந்து மிசோ மொழியிலோ காசி மொழியிலோ பாட்டுச் சத்தம் வரும். ராகம் நமக்கும் தெரிந்த ராகமாக இருக்கும், வார்த்தை ஒன்றும் புரியாது. எவ்வளவோ தூரத்திலிருந்து நோயோடு வந்து, அறையில் உட்கார்ந்து பாடுகிற அந்தக் குடும்பத்துக்காக ஒரு நிமிஷம் ஸ்தோத்திரம் சொல்லலாம். அப்புறம் கதவைத் தட்டி, சுடுதண்ணீர் ஏதாவது வேண்டுமா என்று கேட்கலாம்.

மற்றவர்கள் விசுவாசத்தைப் பார்த்தால் எனக்கு நன்றி வரவில்லை, பொறாமைதான் வருகிறது. நான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றுகிறது.

"விசுவாசிக்கிறேன், ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுத தகப்பனின் பிள்ளையை இயேசு சுகமாக்கினார். அந்த அளவு இருந்தால் போதும். ரோமர் 1:12இல், உங்கள் விசுவாசத்தாலும் என் விசுவாசத்தாலும் நாம் ஒருவருக்கொருவர் ஆறுதலடைய வேண்டும் என்று அப்போஸ்தலரே எழுதுகிறார். பவுலுக்கே அடுத்தவர் விசுவாசம் தேவைப்பட்டது. உங்களுக்குத் தேவைப்படுவதில் வெட்கம் எதற்கு?

வாயில் வார்த்தை வரவில்லை. எப்படி ஜெபிப்பது?

முதலில் எப்படி ஜெபிக்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். தேவாலயத்துக்குப் போன பரிசேயனும் ஸ்தோத்திரம்தான் சொன்னான்: மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் நான் இல்லாததற்காக உமக்கு ஸ்தோத்திரம் என்று. "ஆண்டவரே, அந்தச் சகோதரிக்காக நன்றி, எங்கள் சபையில் மற்றவர்கள் மாதிரி அவர் உலகத்தோடு ஒத்துப்போகவில்லை" என்று ஜெபித்தால் பாதி ஜெபம் ஆண்டவருக்கு, மீதி பின்வரிசைக்காரருக்கு. அது வேண்டாம்.

தெசலோனிக்கேயரில் பவுல் மூன்று காரியம் சொல்கிறார்: விசுவாசத்தின் கிரியை, அன்பின் பிரயாசம், நம்பிக்கையின் பொறுமை. மூன்றும் கண்ணால் பார்க்கக்கூடியவை. அவர் என்ன செய்தார், எதற்காகப் பாடுபடுகிறார், எதைப் பொறுத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்று யோசித்தால் வார்த்தை வந்துவிடும். ஒரு மாதிரிக்கு:

"ஆண்டவரே, எங்கள் தெருவில் இருக்கிற அந்த அக்காவுக்காக உமக்கு ஸ்தோத்திரம். ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வந்தாலும் சனிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வந்துவிடுகிறார். வீட்டுக்காரர் இன்னும் உம்மை அறியவில்லை. அவரை ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் காத்திருக்கிறார். இந்த விசுவாசத்தை அவருக்குள் வைத்தவர் நீர். அதை நான் பக்கத்தில் இருந்து பார்க்கும்படி வைத்தவரும் நீர். அது குறைந்துபோகாமல் காத்துக்கொள்ளும். அந்த அண்ணனையும் சந்தியும். ஆமென்."

இவ்வளவுதான். நீட்ட வேண்டாம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், வீட்டு விஷயத்தைக் கூட்டத்தில் சொல்ல அவருக்குச் சம்மதமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஜெபம் என்ற பேரில் அடுத்த வீட்டுச் செய்தி ஊரெல்லாம் பரவுவதும் நம்மிடம் உண்டு.

பரம்பரைக் கிறிஸ்தவக் குடும்பம். தாத்தா பாட்டியின் விசுவாசத்துக்காக நன்றி சொல்வது எப்படி?

தீமோத்தேயுவின் மாயமற்ற விசுவாசத்தை நினைக்கும்போது, அது முதலில் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று பெயர் சொல்லி எழுதுகிறார் பவுல். வீட்டு ஜெபத்தில் உங்கள் ஆயா பெயரையும் அப்படியே சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்கட்டும்.

வேலூருக்குத் தெரிந்த உதாரணம் ஸ்கடர் குடும்பம். தாத்தா ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு மருத்துவ மிஷனரியாக வந்தார், பிறகு சென்னை. பேத்தி ஐடா 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தார். மிஷனரி ஆகவே கூடாது என்ற எண்ணத்தோடு வளர்ந்த பெண் அவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம் பெண்கள், பெண் மருத்துவர் இல்லாமல் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துத்தான் மனம் மாறினார். மருத்துவம் படித்து 1900இல் வேலூருக்கு வந்து ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. தாத்தாவின் விசுவாசம் பேத்திக்குத் தானாக வந்துவிடவில்லை என்பதை இதில் கவனிக்க வேண்டும். தீமோத்தேயுவுக்கும் பவுல் அடுத்த வசனத்திலேயே, உன்னிலுள்ள வரத்தை அனல்மூட்டி எழுப்பு என்கிறார். "நாங்க நாலு தலைமுறை கிறிஸ்தவங்க" என்று கல்யாணப் பேச்சில் சொல்லிக்கொள்வது நன்றியில் சேராது.

இன்னொன்று. ஸ்கடர் பெயர் ரோட்டுக்கு இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு இருக்கிறது. கிராமம் கிராமமாக நடந்துபோய் வசனம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்கள், வீட்டுக்குள் போய்ப் பெண்களுக்கு எழுத்தும் வேதமும் கற்றுத்தந்த வேத ஸ்திரீகள், இவர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? உங்கள் கிராமத்துச் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை ஆயரிடம் கேட்டுப் பாருங்கள். யார் கையால் யார் சபைக்குள் வந்தார்கள் என்பதற்கு ஏதாவது துப்பு கிடைக்கும்.

குடும்பத்தில் நீங்கள்தான் முதல் விசுவாசி என்றால்? தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். வீட்டில் எல்லோரும் ஒரே வழியில் இருக்கவில்லை. உங்களுக்கு முதன்முதலில் இயேசுவைப் பற்றிச் சொன்ன டீச்சரோ, நர்ஸோ, ஹாஸ்டல் சிநேகிதியோ உங்கள் லோவிசாள்.

இறந்தவர்களுக்காக இப்படி நன்றி சொல்லலாமா?

இறந்தவர்களுக்காக மன்றாடுவதில் கத்தோலிக்கரும் மற்றவர்களும் வேறுபடுகிறார்கள். இறந்தவர்கள் வாழ்ந்த விசுவாசத்துக்காகத் தேவனுக்கு நன்றி சொல்வதில் அந்தச் சிக்கல் இல்லை. நம்மை நடத்தினவர்களின் நடக்கையின் முடிவைச் சிந்தித்து, அவர்கள் விசுவாசத்தைப் பின்பற்றச் சொல்கிறது எபிரெயர் 13:7. நினைவுகூட்டத்தில் அவர் வகித்த பதவிகளை வாசிக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம் என்பது என் ஆசை.

இதற்கு ஸ்தோத்திரக் காணிக்கை கவர் போட வேண்டுமா?

வேண்டாம். போட்டால் தடுக்க மாட்டார்கள்.

ஒருவருக்காக நன்றி சொன்னோம். பிற்பாடு அவர் பின்வாங்கிப் போய்விட்டார். அந்த நன்றி வீண்தானா?

பவுலுக்கும் இது நடந்தது. பிலேமோன் நிருபத்தின் முடிவில் தன் உடன் வேலையாட்களில் ஒருவனாகத் தேமாவைச் சொல்கிறார். 2 தீமோத்தேயு 4:10இல் அதே தேமா இந்த உலகத்தின்மேல் ஆசைவைத்து அவரைவிட்டுப் போய்விட்டான். ஆனால் அடுத்த வசனத்தைப் பாருங்கள். மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். இந்த மாற்குதான் முன்பு பம்பிலியாவில் பாதி வழியில் விட்டுப் போனவன், அவனால்தான் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுங்கோபம் மூண்டு பிரிந்தார்கள். போனவன் ஒருவன், திரும்பி வந்தவன் ஒருவன், இரண்டு பேரும் அடுத்தடுத்த வசனத்தில்.

அன்றைக்கு நீங்கள் பார்த்தது பொய் என்று இப்போது தீர்ப்பு எழுத வேண்டாம். பேதுருவுக்காக இயேசு ஜெபித்தது அவன் மறுதலிப்பதற்கு முன்னாலேயே, உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு என்று. சபைக்கு வருவதை நிறுத்தியவரின் வீட்டுக்குப் போங்கள். ஏன் வரவில்லை என்று விசாரணை நடத்தாமல், முன்பு அவரால் உங்களுக்குக் கிடைத்த நன்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள். சபையில் யாரோ மனதை நோகடித்ததால் நின்றவர்கள் நிறைய பேர். அவர்களைத் தேடி வருகிற முதல் ஆள் கணக்குக் கேட்கிறவராக இருக்கக் கூடாது.

கூட்டத்தில் பெயர் சொல்லி நன்றி சொல்லும்போது யார் பெயராவது விட்டுப்போனால் மனஸ்தாபம் வருமே?

வரும். கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதற்கே வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கிறவர்கள் நாம். அதனால் பொதுக்கூட்டத்திலும் அறுப்பின் பண்டிகை மேடையிலும் பட்டியல் வாசிக்காதீர்கள். வீட்டு ஜெபக்குழுவில் வாரம் ஒரு குடும்பம் என்று முறை வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் வந்துவிடும். எங்கள் குழுவில் வருகைப் பதிவு நோட்டின் வரிசைப்படியே போகிறோம், யாரும் இதுவரை கோபித்துக்கொள்ளவில்லை.

ரோமர் 16இல் பவுல் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார், அதில் பெண்கள் பலர். அங்கேயும் ஒரு பெயர் இல்லை. "ரூபையும், எனக்கும் தாயாகிய அவன் தாயையும்" என்று எழுதியிருக்கிறார், அந்த அம்மாவின் பெயரை எழுதவில்லை. அவர் கோபித்துக்கொண்டதாக எங்கும் செய்தி இல்லை.